அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல

வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். நாம் வாங்கும் டிராவல் அடாப்டர் நம் பிளக்கை அந்த ஊர் சாக்கெட்டில் நுழைய வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. சுவரில் 120 வோல்ட் இருந்தால் அடாப்டரின் இந்தப் பக்கமும் 120 வோல்ட்தான் வரும். 230 இருந்தால் 230தான். ‘யுனிவர்சல்’ என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பது முள்ளின் வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும்.

நான் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள். கோவையில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பிரசவம் பார்க்க, பேரனைப் பார்த்துக்கொள்ள, பட்டமளிப்பு விழாவுக்கு என்று யாராவது கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் கையில் ஒரு சாமானோடு என் வீட்டு மணியை அடிப்பார்கள். “டீச்சர், இது அங்க வேலை செய்யுங்களா?” நான் எந்த நாடு என்று கேட்பதற்கு முன்பே அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுவேன். விடை எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

செல்போன் சார்ஜர், மடிக்கணினி சார்ஜர், கேமரா சார்ஜர் ஆகியவற்றின் முதுகில் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் (மின்னலை நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்ற கணக்கு) என்று போட்டிருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். உள்ளே இருக்கும் மின்சுற்று, வருகிற ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை முதலில் டிசி (நேர்திசை) ஆக்கி, பிறகு வேகமாக வெட்டி வெட்டித் தனக்கு வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கு 100 வந்தாலும் ஒன்றுதான், 240 வந்தாலும் ஒன்றுதான். இந்த வகைப் பொருளுக்கு அடாப்டர் மட்டும் போதும்.

அந்த வரியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் அது இந்தியச் சுவருக்கென்றே செய்த பொருள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற 230 வோல்ட் நாடுகளில் அது ஓடும். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் ஓடாது, அல்லது ஓடுவது போலப் பாவனை காட்டும். இந்தப் பாவனைதான் ஆட்களை ஏமாற்றுகிறது.

அமெரிக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நம்மவர்கள் கிரைண்டரும் மிக்ஸியுமாகப் போவது அங்கேதான்.

அமெரிக்க வீட்டுச் சாக்கெட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பேச்சில் 110 என்பார்கள். வெப்பம் தரும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: அயர்ன் பாக்ஸ், கெட்டில், மின்சார குக்கர். அதற்குள் இருப்பது ஒரு சூடேறும் கம்பிச் சுருள். அதன் மின்தடை ஏறக்குறைய மாறாது. ஆகவே வோல்ட் பாதியானால் வாட் பாதியாகாது, கால்பங்காகிவிடும். இந்தியாவில் 1500 வாட் கொடுத்த கெட்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய 400 வாட்தான் கொடுக்கும். நான்கு நிமிடத்தில் கொதிக்கும் தண்ணீருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் 270 வாட்டில் வெதுவெதுப்போடு நின்றுவிடும். பருத்திப் புடவையின் சுருக்கம் அசையாது. பொருள் கெடாது, ஆனால் வேலையும் நடக்காது. பெட்டியில் அந்த இடத்துக்குக் கூடுதலாகப் பருப்புப்பொடி வைத்துக்கொண்டு, அயர்ன் பாக்ஸை அங்கேயே வாங்கிவிடலாம்.

மிக்ஸி வேறு கதை. அதில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கிறது. அதற்கு ஹெர்ட்ஸ் பற்றிப் பெரிய கவலை இல்லை. ஆனால் வோல்ட் பாதியானால் வேகமும் இழுவையும் விழுந்துவிடும். வெறும் ஜாரில் சுற்றும். சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டால் திணறும். திணறிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் காற்று ஓடாது, ஆர்மேச்சர் என்ற சுழலும் செம்புச் சுருள் சூடேறும். அப்படியே அழுத்திப் பிடித்தால் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிடும். பட்டறையில் வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்த வாடையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

‘ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டிக்கொள்ளலாமே’ என்று கேட்பார்கள். மாட்டலாம். 120-ஐ 230 ஆக்கித் தரும். ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். குறைந்தது இரு மடங்கு, அதாவது 1500 வாட் பெட்டி வேண்டும். இரும்பும் செம்புமாக அது மிக்ஸியை விடக் கனமாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். அங்குள்ள சாதாரண சாக்கெட் சுற்று 15 ஆம்பியர். 120-ஆல் பெருக்கினால் 1800 வாட், அதுதான் உச்சவரம்பு. தொடர்ந்து ஓடுகிற சுமை என்றால் 1440 வாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது அவர்கள் விதி. அதே சுற்றில் டோஸ்டரும் ஓடினால் பிரேக்கர் விழும்.

சந்தையில் கையடக்கமாக இன்னொன்று கிடைக்கிறது. 1600 வாட், 2000 வாட் என்று போட்டு, உள்ளங்கை அளவில், எடையே இல்லாமல் இருக்கும் ‘கன்வர்ட்டர்’. அது டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. மின்னலையின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் மின்னணுச் சுற்று. அது 230-ஐக் குறைக்குமே தவிர 120-ஐ ஏற்றாது. அதுவும் ஹேர் டிரையர் போன்ற வெறும் சூட்டுக் கம்பிக்கு மட்டுமே ஆகும். அதில் மோட்டாரையோ மின்னணுப் பொருளையோ செருகக் கூடாது. அட்டையின் பின்புறம் அவர்களே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

கிரைண்டருக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பொருள், புவிசார் குறியீடு பெற்ற பொருள், எனவே அதைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தனி அக்கறை. வெட் கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். இந்த மோட்டாரின் வேகத்தை ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. நான்கு துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் அதன் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1800. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 230 வோல்ட்டை உண்டாக்கிவிட்டாலும் அந்த 60 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். டிரம் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், இழுவை குறையும். உளுந்து மாவு நிதானமாக, சூடேறாமல் அரைபடுவதற்காக அளந்து வைத்த வேகம் அது. அதைக் குலைத்து எதற்கு அரைக்க வேண்டும்?

இதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. அல்ட்ரா கிரைண்டர், பிரீத்தி மிக்ஸி இரண்டிலுமே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல் செய்கிறார்கள். முள்ளும் அங்குள்ள தட்டை முள்ளாகவே வரும். அமெரிக்காவிலுள்ள இந்தியக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. எடைச் சுமையும் உடைந்துவிடும் பயமும் நமக்கு இல்லை. என் மகள் நியூஜெர்சிக்குக் குடிபோனபோது மாப்பிள்ளை வீட்டில் சீராக ஒரு நல்ல கிரைண்டர் வாங்கி வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மாவிடம், “அண்ணி, இது இங்க உங்க வீட்லயே இருக்கட்டுங்க. அவளுக்கு அங்கத்த மாடல் வாங்கிக்கலாம்” என்று சொல்லி அந்தப் பொருளை இங்கேயே ஓட வைத்தேன். இன்றும் நன்றாக அரைக்கிறது. மகள் வீட்டில் அங்கத்திய மாடலும் நன்றாக அரைக்கிறது.

இன்னொரு யோசனை அவ்வப்போது என் காதுக்கு வரும். அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் மின் அடுப்புக்கும் 240 வோல்ட் சாக்கெட் உண்டு. ‘அதிலிருந்து ஒரு வயர் இழுத்து நம் சாமானை ஓட்டினால் என்ன?’ தயவுசெய்து வேண்டாம். அந்த 240 என்பது இரண்டு 120 வோல்ட் ஃபேஸ் கம்பிகளுக்கு இடையிலான அளவு. நம் ஊர் போல ஒன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல் இல்லை, இரண்டுமே உயிருள்ள கம்பிகள். நம் சாமானின் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். அதோடு அந்தச் சாக்கெட்டின் பின்னால் இருப்பது 30, 50 ஆம்பியர் பிரேக்கர். மிக்ஸியின் மெல்லிய வயர் எரிந்து முடியும் வரை அது விழாது.

அங்கே போனதும் கண்ணில் படும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது. நமக்கு சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குவது பழக்கம். அங்கே முதலில் பொருளின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சில வீடுகளில் படுக்கையறைச் சாக்கெட் ஒன்று வாசலோரச் சுவர் சுவிட்சோடு இணைந்திருக்கும், மேசை விளக்குக்காக. ராத்திரி விளக்கை அணைத்தால் போன் சார்ஜும் நின்றுவிடும். காலையில் போன் செத்துக் கிடந்தால் சார்ஜரைச் சந்தேகப்படாமல் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். சமையலறை, குளியலறைச் சாக்கெட்டில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு குட்டிப் பொத்தான்கள் இருக்கும். 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். நம் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) பொதுவாக 30 மில்லி ஆம்பியரில்தான் விழும், ஆகவே அது எவ்வளவு கண்டிப்பானது என்று பாருங்கள். அது விழுந்தால் ரீசெட்டை அழுத்துவதோடு நிற்காமல், எந்தப் பொருளைச் செருகியபோது விழுந்தது என்று கவனியுங்கள். அந்தப் பொருளில் கசிவு இருக்கிறது.

எதிர்த்திசையில் வரும் சாமான்கள் இன்னும் ஆபத்தானவை. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆசையாகக் காபி மேக்கர், பிளெண்டர், தலைமுடி சுருட்டும் கருவி என்று வாங்கி வருவார்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த சூட்டுக் கம்பியை நம் 230-இல் மாட்டினால் வாட் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் ரைஸ் குக்கர் என்றால் ஐந்து மடங்குக்கு மேல். நொடியில் போய்விடும், சில சமயம் தீப்பொறியோடு. அமெரிக்கப் பவர் ஸ்ட்ரிப்பையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அதற்குள் மின்னெழுச்சியைத் தடுக்க வைத்திருக்கும் பாகம் 120 வோல்ட்டுக்கு அளந்து வைத்தது. நம் சாதாரண 230-ஏ அதற்குப் பேரெழுச்சி, வெடித்துப் புகை கக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்லும்போதே ‘லேபிளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு’ என்று சொல்லிவிடுங்கள்.

இனி சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, பிரிட்டன். இங்கெல்லாம் 230 வோல்ட்டுக்கு அக்கம்பக்கம்தான். நம் பொருள்கள் ஓடும், முள்தான் வேறு. மூன்று செவ்வக முள், 13 ஆம்பியர், ஜி வகை என்பார்கள். பிளக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், என் மாணவர்களுக்கு அதைப் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். எர்த் முள் மற்ற இரண்டை விட நீளம். அது முதலில் நுழைந்து, உள்ளே இருக்கும் மூடியைத் தள்ளித் திறந்தால்தான் ஃபேஸ், நியூட்ரல் துளைகள் வழிவிடும். குழந்தை கம்பியை விட்டாலும் உள்ளே போகாது. பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உண்டு, சிறு பொருள்களுக்கு 3 ஆம்பியர், பெரியவற்றுக்கு 13.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நாம் இன்று பயன்படுத்தும் உருண்டை மூன்று முள் பிரிட்டனின் பழைய பிளக். போர் முடிந்து வீடுகளைத் திரும்பக் கட்டும்போது அவர்களுக்குச் செம்புத் தட்டுப்பாடு. வயரை மிச்சப்படுத்த, வீடு முழுக்க ஒரே வளையமாகச் சுற்றிவரும் வயரிங் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு வளையத்தில் பல சாக்கெட்டுகள் என்பதால் பிரதான ஃபியூஸ் பெரிதாக இருக்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ஃபியூஸ் தேவைப்பட்டது. அந்தப் புதிய பிளக்கின் தரவிதி வெளிவந்த ஆண்டு 1947. அதே ஆண்டில்தான் அவர்கள் நம்மை விட்டுப் போனார்கள். பழைய உருண்டை முள் நம்மோடு நின்றுவிட்டது. பிரிட்டனின் நாடக மேடை விளக்குகளில் மட்டும் அந்த 15 ஆம்பியர் உருண்டை முள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, நண்பர்களோடு அறையில் தங்கியிருந்தான். ஒருநாள் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே சார்ஜர் போட்டான். பேனா மூடியை எடுத்து மேலே உள்ள எர்த் துளையில் குத்தி, மூடி திறந்ததும் கீழே இரண்டு உருண்டை முள்ளை அழுத்திச் செருகினான்.

“கண்ணு, என்ன பண்ற நீ?”

“எல்லாரும் இப்படித்தான் போடறாங்க பெரியம்மா. நல்லா சார்ஜ் ஏறுது.”

ஏறும்தான். ஆனால் அவன் தாண்டிவிட்டது இரண்டு காவல்களை. ஒன்று, பிளக் ஃபியூஸ். சுவருக்குள் ஓடும் வளையத்துக்கு 30, 32 ஆம்பியர் வரை அனுமதி. சார்ஜர் உள்ளே பழுதானால் அந்த மெல்லிய வயரைக் காக்க இடையில் வேறு எதுவும் இல்லை. இரண்டாவது, அந்த உருண்டை முள் 4 மில்லிமீட்டர். செவ்வகத் தகட்டுக்காகச் செய்த துளைக்குள் அது சரியாகப் பிடித்து நிற்காது. தளர்வான இணைப்பு சூடேறும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் பழுப்பாகும். பேனாவுக்குப் பதில் கையில் கிடைத்த ஸ்குரூடிரைவரை எடுக்கும் ஆட்களும் உண்டு. வளைகுடா முகாம்களிலும் இதே பழக்கம் இருக்கிறது என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உயிரைக் காக்க யாரோ யோசித்து யோசித்துச் செய்து வைத்த மூடியை நாம் பேனாவால் உடைக்கிறோம். ஃபியூஸ் உள்ள அடாப்டர் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். சிங்கப்பூரில் வாங்கினால் அந்நாட்டுப் பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். அறையில் இருந்த எல்லோருக்கும் சேர்த்தே வாங்கிவிட்டான்.

சவுதிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஹெர்ட்ஸ் 60. பழைய கட்டிடங்களில் 127 வோல்ட் சாக்கெட் இன்னும் இருக்கலாம். அறைக்குப் போனதும் கேட்டுத் தெரிந்துகொண்டு செருகுங்கள். இலங்கையில் 13 ஆம்பியர் செவ்வக முள்ளைத்தான் இப்போது தரமாக வைத்திருக்கிறார்கள், பழைய வீடுகளில் நம் உருண்டை முள்ளும் நுழையும்.

அடாப்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது எர்த். நான்கு நாட்டு முள்ளும் ஒரே டப்பாவுக்குள் இழுத்துத் தள்ளும் வகையில் வரும் பல மாடல்களில் எர்த் இணைப்பே கிடையாது. மூன்று துளை தெரியும், நம் மூன்று முள்ளும் நுழையும், ஆனால் மூன்றாவது துளை உள்ளே எதோடும் சேராமல் வெறுமனே நிற்கும். போன் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை, பரவாயில்லை. உலோக உடம்புள்ள அயர்ன் பாக்ஸ், கெட்டில் ஆகியவற்றுக்கு அது போதவே போதாது. உள்ளே ஃபேஸ் கம்பி உடம்பைத் தொட்டால், எர்த் இல்லாத பொருள் நம் கை வழியாகத்தான் தரைக்கு வழி தேடும். மடிக்கணினியின் உலோக மேற்பரப்பில் மணிக்கட்டை வைத்தால் சிலருக்குச் சுருசுருவென்று ஓர் உணர்வு வரும். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறு கசிவு அது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உங்கள் அடாப்டரில் எர்த் சேரவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். ஐடிஐயில் செய்வது போல மல்டிமீட்டரை வைத்து, எர்த் துளைக்கும் எர்த் முள்ளுக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று நான் பார்த்துத்தான் கொடுப்பேன். உங்கள் தெரு எலக்ட்ரீஷியனும் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்.

இரண்டாவது ஆம்பியர். அடாப்டரில் 6 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 230 வோல்ட் நாட்டில் அது 1380 வாட் தாங்கும். அதே அடாப்டர் அமெரிக்காவில் 720 வாட்தான் தாங்கும். இங்கிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுபோய் ஒரே அடாப்டரில் மாட்டி, குடும்பம் முழுக்கச் சார்ஜ் போடுவது நல்ல ஏற்பாடு, நாங்களும் செய்வோம். அதில் சார்ஜர்கள் மட்டுமே. கெட்டிலை அதில் மாட்டக் கூடாது.

ஐரோப்பாவில் பெரிய சிரமம் இல்லை. நம் இரண்டு முள் செல்போன் சார்ஜர் பெரும்பாலான நாடுகளில் நேராகவே நுழையும். நம் மூன்று முள்ளின் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் அது நுழையாது, மடிக்கணினிக்கு அடாப்டர் வேண்டும். சுவிட்சர்லாந்தில் சாக்கெட் அறுகோணக் குழிக்குள் இருக்கும். ஜெர்மனிக்கு வாங்கிய வட்ட வடிவ அடாப்டர் அந்தக் குழிக்குள் போகாது. பல நாடுகளைச் சுற்றிக் காட்டும் குழுப் பயணத்தில் கடைசி இரண்டு நாள் சுவிட்சர்லாந்து என்றால் இதை முன்பே யோசித்து வையுங்கள். யூஎஸ்பி-சி வயர் பற்றிய கவலை மட்டும் குறைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கு அதுவே கட்டாயம்.

ஜப்பானைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது, மின்சாரம் படித்தவர்களுக்கு அது ஒரு அதிசய நாடு. 100 வோல்ட். ஒரே நாட்டுக்குள் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனத்திடம் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கியது. அன்று போட்ட பிரிவு இன்றும் ஃபூஜி ஆற்றின் ஓரமாக நிற்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கே மின்சாரம் இல்லாமல் தவித்தபோது, மேற்கிலிருந்து அலைவெண்ணை மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 1000 மெகாவாட்தான். நூறாண்டுக்கு முன் வாங்கிய இரண்டு இயந்திரங்களின் விளைவு அது. எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பையன் கம்பெனிப் பயிற்சிக்காக முதலில் நகோயாவுக்கும் பிறகு யோகோஹாமாவுக்கும் போனான். 60-லிருந்து 50-க்குப் போனதே அவனுக்குத் தெரியாது. அவனிடம் இருந்தவை சார்ஜர்கள் மட்டும்தான், அவை எதையும் தாங்கும். ஆனால் நகோயாவில் வாங்கிய பழைய வாஷிங் மெஷினை யோகோஹாமாவுக்குக் கொண்டு போகிறவர் லேபிளைப் பார்த்தாக வேண்டும். இன்னொன்று, ஜப்பானில் பெரும்பாலான சாக்கெட்டில் இரண்டு தட்டைத் துளை மட்டுமே. எர்த் முள்ளோடு உள்ள அமெரிக்க அடாப்டரை வாங்கிப் போனால் நுழையாது.

விமானத்தில் பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-மணி. எண் அழிந்து போன பழைய பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையிலேயே தீப்பிடித்ததற்குப் பிறகு கெடுபிடி அதிகமாகிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன. ஏறுவதற்கு முன்பே போனை முழுக்கச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

பெரியவர்கள் பயணத்தில் மிக்ஸியை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர்களின் மருத்துவக் கருவிகள். எதிர் வீட்டு அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காகச் சிகாகோ கிளம்பினார். ஆஸ்துமா உண்டு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்கத் தரும் நெபுலைசர் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அதைத்தான் வைத்திருந்தார், கூடவே ஒரு நல்ல அடாப்டரும். கவிழ்த்துப் பார்த்தேன், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உள்ளே இருப்பது ஏசி மோட்டாரில் ஓடும் காற்றழுத்தப் பம்ப். 120 வோல்ட்டில் அது முனகும், மருந்து புகையாக எழும்பாது. மூச்சு முட்டும் நடுராத்திரியில் இதைக் கண்டுபிடிக்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

“அக்கா, இத இங்கயே வைங்க. பேட்டரியில ஓடற சின்ன மெஷ் நெபுலைசர் இருக்குதுங்க. உங்க டாக்டர்கிட்ட காட்டி, உங்க மருந்துக்கு ஆகுமான்னு கேட்டுக்குங்க.”

டாக்டர் சரி என்றார். கிளம்புவதற்கு முன்பே வாங்கி, வீட்டிலேயே தினமும் அதில்தான் மருந்து எடுத்துப் பழகிக்கொண்டார். அதன் சார்ஜர் 100-240. மருந்துச் சீட்டை அச்செடுத்து, கருவியையும் மருந்தையும் சேர்த்துக் கைப்பையில் வைக்கச் சொன்னேன். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்குப் போடும் சீபேப் இயந்திரம் பெரும்பாலும் 100-240 என்றே வரும், ஆனாலும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க விதிப்படி விமானத்தில் அது கைப்பைக் கணக்கில் சேராது, தனியாகவே எடுத்துப் போகலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பேட்டரியில் ஓடும், அதன் அடாப்டரை விட்டுவிட்டுப் புது பேட்டரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு வைக்கும் மின் ஒத்தடப் பட்டை மட்டும் 230 வோல்ட் பொருள். அமெரிக்கா போகிறவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டு, வெந்நீர் ஊற்றும் ரப்பர் பையை எடுத்துக்கொண்டால் போதும்.